செத்த நாய்க்கு மூட்டுவலி

வட இங்கிலாந்துச் சிற்றூரான ஹாதர்லியில் "மாட்டேன்" என்ற சொல்லை யாரும் வாயில் வைப்பதில்லை. எதற்காவது அழைத்தால், வர இஷ்டமே இல்லாதவர்கள்கூட, "வரணும்னு ரொம்ப ஆசைதான், ஆனா முடியாது போல, ஏன்னா..." என்று இழுத்து, ஒரு காரணத்தைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் நகர்வார்கள். அந்தக் காரணமும் மனசைப் பற்றியதாக இருக்கக் கூடாது. முழங்கால், பாய்லர், பஸ், பல்வலி, இப்படி ஏதாவது ஒன்றாக இருக்க வேண்டும். தேவாலயத்தில் பூ அடுக்கும் தன் முறையிலிருந்து தப்பிக்க ஹில்டா என்பவள் ஒரு முழங்கால் வலியை வருஷக்கணக்காக வளர்த்து வந்தாள். வியாழக்கிழமை பப் என்னும் மதுக்கடையில் நடக்கும் வினாடிவினாவுக்கு வராத ஒருவர், அன்றைக்கு வெந்நீர்ப் பாய்லரைப் பழுது பார்க்க ஆள் வருகிறான் என்பார். எத்தனையோ வியாழன் போய்விட்டது, அந்த ஆள் இன்னும் வந்தபாடில்லை.

காரணத்தைக் கேட்டவர் அதைத் துருவக் கூடாது என்பது ஊர் வழக்கம். "அடடா, ஆமாமா" என்று சொல்லிவிட்டு, அடுத்த தடவை பார்க்கும்போது முழங்கால் எப்படி இருக்கிறது என்று மறக்காமல் விசாரிக்க வேண்டும். காரணம் சொன்னவர்தான் பாவம், அதைச் சோறு போட்டுக் காப்பாற்ற வேண்டும். ஹில்டா ஒருநாள் பஸ்ஸைப் பிடிக்க ஓடியபோது தெருவே மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. அவ்வளவு நாகரிகமான ஊர்.

தெல்மா ஹார்கிரீவ்ஸ் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். பள்ளிக்கூடச் சமையலறையில் பரிமாறி ஓய்வு பெற்றவள். கணவன் போன பிறகு மலைச்சரிவில் உள்ள கல்வீட்டில் அவளும் கிரேவி என்ற நாயும் மட்டும். பழுப்பு நிறத்தில், தொங்கு காதும் தொந்தியுமாக இருக்கும் நாய். ஒரே மகள் பெவர்லி, எல்லோருக்கும் பெவ், தெற்கே ரெடிங்கில் கணவன் நைஜலோடு இருந்தாள். ரயிலில் அரை நாள் தூரம்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் தெல்மா வாசற்படியில் பனியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். கட்டுப் பிரிக்கும்வரை மகள் வீட்டில் இருந்துவிட்டு வந்தாள். வந்த கையோடு பெவ்விடமிருந்து போன். இனிமேல் அங்கேயே வந்துவிடும்படி, கார் நிறுத்தும் அறையை அவளுக்காக மாற்றிவிடலாம் என்று. நைஜல் நல்லவன். அளவெடுப்பதில் அவனுக்கு அலாதி ஆசை. மாமியாரிடம் கேட்பதற்கு முன்னாலேயே சுவரை அளந்து, குளியலறையில் பிடித்து எழுந்திருக்க ஒரு கம்பியையும் தேர்வு செய்து வைத்திருந்தான்.

தெல்மாவுக்கு இஷ்டமில்லை, அவ்வளவுதான் விஷயம். தன் வீட்டில் அவள் ரேடியோவை அலறவிடுவாள், பாத்திரம் கழுவும் தொட்டியருகில் நின்றபடியே டோஸ்ட் தின்பாள், பக்கத்து வீட்டு டெரெக்குடன் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று அரசாங்கத்தைத் திட்டுவாள். மகள் வீட்டில் வாசலிலேயே செருப்பைக் கழற்ற வேண்டும். காபி போடும் இயந்திரத்தைத் தொடப் பயம். எழுந்தால் "உக்காரும்மா" என்பார்கள். உட்கார்ந்து உட்கார்ந்தே கிழவியாகிவிட்டதுபோல் அங்கே அவளுக்கு இருந்தது. ஆனால் பெற்ற மகளிடம் "உன் வீட்டில் இருக்க எனக்குப் பிடிக்கவில்லை" என்று எந்தத் தாய் சொல்வாள்? ஹாதர்லியில் நிச்சயமாகச் சொல்ல மாட்டாள்.

"வரணும்னு ஆசைதான் கண்ணு," என்றாள் அன்றைக்கு. "ஆனா எப்படி வர்றது? ஏன்னா கிரேவிக்கு வயசாயிடுச்சு. கண்ணு சரியாத் தெரியல. இந்த வீடுன்னா மோந்து பாத்தே நடந்துக்குவான். இடம் மாத்தினா தாங்க மாட்டான்னு டாக்டரே சொல்லிட்டார்."

எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் பெவ் வழக்கம் தெரிந்தவள், துருவவில்லை. "ஆமாம்மா, பாவம் அவன். அப்புறம் பாத்துக்கலாம்," என்றாள்.

அந்த "அப்புறம்" தெல்மாவை விடவில்லை, நாய் போன பிறகு என்றுதானே அதற்கு அர்த்தம். அன்றிலிருந்து நாய்க்கு ராஜ உபசாரம். கறிக்கடையிலிருந்து நல்ல எலும்பு, குளிருக்கு இரட்டைப் போர்வை. அன்பில்லாமல் இல்லை, அன்பு நிறையவே இருந்தது. கொஞ்சம் பயமும் சேர்ந்துகொண்டது. நாய் தும்மினால் தெல்மா மூன்றாவது போர்வையைத் தேடி ஓடுவாள்.

கிரேவி உண்மையில் பெவ் கொண்டுவந்த நாய். அப்பா இறந்த வருஷம், அம்மா தனியாக இருக்கக் கூடாது என்று ஒரு பண்ணைக்குப் போய், எட்டுக் குட்டிகளில் எல்லாவற்றுக்கும் பின்னால் தூங்கிக்கொண்டிருந்த ஒன்றைப் பொறுக்கி, கோட்டுக்குள் வைத்து எடுத்து வந்தாள். ஊருக்கு வரும்போதெல்லாம் அது அவள் கட்டிலில்தான் படுக்கும். ஞாயிற்றுக்கிழமை போன் பேசும்போது, வானிலை முடிந்ததும் கிரேவிதான். "போனை அவன் காதுல வைம்மா" என்பாள். தெல்மா வைப்பாள். நாய் பெருமூச்சு விடும். அதைக் கேட்டுவிட்டுத்தான் மற்றப் பேச்சு.

பிப்ரவரியில் ஒரு காலை கிரேவி அடுப்படிப் பாயிலிருந்து எழுந்திருக்கவில்லை.

டெரெக்தான் வந்து குழி தோண்டினார். ஓய்வு பெற்ற பஸ் ஓட்டுநர், எதற்கும் அலட்டிக்கொள்ளாத மனுஷன். பின்தோட்டத்து ஆப்பிள் மரத்தடியில் மண் உறைந்து கல்லாகிக் கிடந்தது. மண்வெட்டி இறங்கவில்லை. தெல்மா வெந்நீர் போட்டுப் போட்டுக் கொண்டுவந்து ஊற்ற, ஆவி பறக்க, அவர் கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டினார். பழைய போர்வையில் சுற்றிக் கிரேவியை உள்ளே வைத்தார்கள். டெரெக் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

அந்த ஞாயிறு பெவ் கூப்பிட்டாள். ரெடிங்கில் மழை என்றாள். பிறகு, கொஞ்சம் நிறுத்தி, "கிரேவி எப்படிம்மா இருக்கான்?" என்றாள்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் தெல்மா வாயைத் திறந்தாள். அதே நொடியில் அந்த "அப்புறம்" வந்து எதிரே நின்றது. கார் அறை, சுவரில் கம்பி, உக்காரும்மா.

"கொஞ்சம் விறைப்பா இருக்கான்," என்றாள். "குளிர் பாரு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. பொய்கூட இல்லை என்று நினைத்தபோது அவளுக்குக் கன்னம் சுட்டது. மறுமுனையில் பெவ் செருமினாள். பிறகு, "பாவம், கதகதப்பா வச்சுக்கோ," என்றாள். அவ்வளவுதான். ஏறிய குதிரையிலிருந்து இறங்க வழி தெரியாமல் தெல்மா வாரா வாரம் ஓட்டத் தொடங்கினாள்.

இல்லாத நாயை வளர்ப்பது இருக்கிற நாயை வளர்ப்பதைவிடக் கஷ்டம். ஒரு வாரம் பாதிச் சோறுதான் தின்றான் என்றாள். அடுத்த வாரம் கொஞ்சம் தேறியிருக்கிறான் என்றாள். மார்ச் மாதம் வெயில் தலைகாட்டியதும் உற்சாகத்தில், தபால்காரரைப் பார்த்து இரண்டு தடவை குரைத்தான் என்றுகூடச் சொல்லிவிட்டாள். போனை வைத்த பிறகுதான் விபரீதம் புரிந்தது. தபால்காரரைப் பார்த்துக் குரைக்கிற நாய் ரெடிங்குக்கு ரயிலேறிப் போகாதா? உடனே அடுத்த ஞாயிறு அவனுக்கு இடுப்பு மூட்டில் வலியைக் கொடுத்தாள்.

டெரெக்குக்கு இதெல்லாம் தெரியும். பெவ் கேட்டால் வாயைத் திறக்கக் கூடாது என்று அவரிடம் தெல்மா சத்தியம் வாங்கியிருந்தாள். அவர் சத்தியம் செய்யும்போது என்னவோ சொல்ல வந்து, மென்று விழுங்கினார். தெல்மா அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை.

"மூட்டுவலி வரைக்கும் கொண்டாந்துட்டீங்க," என்றார் ஒருநாள் வேலிக்கு மேலே சாய்ந்துகொண்டு. "செத்து ரெண்டு மாசம் ஆகுது. உயிரோட இருந்தப்போ அதுக்கு ஒரு சளிகூடப் பிடிச்சதில்ல."

"கிண்டல் பண்ணாதீங்க டெரெக்."

"கிண்டல் இல்ல. சொல்லிடுங்கன்னு சொல்றேன். நாயைப் பத்தி இல்ல. உங்களுக்கு அங்க போக இஷ்டமில்லைங்கறதை."

"பெத்த பொண்ணுகிட்ட அப்படிச் சொல்ல முடியாது."

"ஏன்?"

"ஏன்னா..." என்று ஆரம்பித்தாள் தெல்மா. எதற்கெடுத்தாலும் ஒரு காரணத்தை எடுத்து நீட்டுகிறவளுக்கு இதற்கு மட்டும் ஒன்றும் அகப்படவில்லை. துணி காய்ந்திருக்கும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கொடியில் துணியே இல்லை.

ஏப்ரலில் ஒரு பெரிய பார்சல் வந்தது. பிரித்தால், மூட்டுவலி நாய்களுக்கென்றே செய்த மெத்தை. தடிமனாக, மிருதுவாக, தெல்மாவின் சொந்த மெத்தையைவிட உயர்ந்த சரக்கு. "கிரேவிக்கு, என் முத்தத்தோடு" என்று மேலே ஒரு அட்டை. அதை மடியில் வைத்துக்கொண்டு அவள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். மெத்தையை, நன்கொடைப் பொருள்களை விற்கும் ஹாதர்லி தர்மக் கடையில் கொடுக்க முடியாது. அங்கே நிற்கிற எல்லோருக்கும் நாய் செத்தது தெரியும். பஸ் ஏறி அடுத்த ஊர்க் கடையில் போய்க் கொடுத்துவிட்டு, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஒன்றே ஒன்று ஆறுதலாக இருந்தது. போனை அவன் காதில் வை என்று பெவ் இப்போதெல்லாம் கேட்பதில்லை. மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று தெல்மா தன் அதிர்ஷ்டத்தை மெச்சிக்கொண்டாள்.

இதில் அவளை உண்மையிலேயே வாட்டியது பொய்யல்ல. தெருவில் எல்லோரிடமும் நாயைப் பற்றிப் பேசலாம், கடைக்காரி கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொல்வாள். ஆனால் அந்த நாயை அவள் அளவுக்கு நேசித்த இன்னொரு ஆள் உலகத்தில் ஒருத்திதான். அவளிடம் பேசும்போதுதான் அது உயிரோடு இருந்தாக வேண்டியிருந்தது. ஞாயிறுதோறும் போனை வைத்த பிறகு தெல்மா காலியாகக் கிடக்கும் பாயைப் பார்த்து அழுதுவிட்டுத்தான் எழுந்திருப்பாள்.

மே மாத விடுமுறைக்கு வருகிறேன், நைஜல் வரவில்லை, நான் மட்டும் என்று பெவ் சொன்னதும் தெல்மா நேரே வேலிக்கு ஓடினாள்.

டெரெக்கிடம் யோசனை கேட்டாள். தன் தங்கையிடம் ஒரு நாய் இருக்கிறது, இரவல் வாங்கித் தருகிறேன் என்றார் அவர். நிறம் வெள்ளை, இனம் வேறு, காதும் தொங்காது, மற்றபடி ஒரு குறையும் இல்லை. தெல்மா முறைத்த முறைப்பில் அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். கடைசியில் அவளே ஒரு முடிவுக்கு வந்தாள். கிரேவி வியாழக்கிழமை இறந்துவிட்டான், போனில் சொல்ல மனசு வரவில்லை, நேரில் சொல்லலாம் என்று இருந்தேன். இதுதான் வசனம். அடுப்படிப் பாயையும் அதற்கேற்பச் சுருட்டி உள்ளே வைத்தாள். பாவம் அந்த நாய், இரண்டாம் தடவை சாகப்போகிறது. அதற்கு மேல் என்ன என்பதை அவள் யோசிக்கவில்லை. நாய் போனால் காரணம் போயிற்று. காரணம் போனால் கார் அறைதான். வேறொரு காரணம் தேட அவளுக்குத் தெம்பும் இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் பெவ் வந்து இறங்கினாள். அம்மாவைக் கட்டிக்கொண்டாள், கோட்டைக் கழற்றி மாட்டினாள், ரயிலில் இருக்கை கிடைக்காத கதையைச் சொன்னாள். அடுப்படியில் போய் உட்கார்ந்தாள். எப்போதும் வாசலில் கால் வைக்கும்போதே "எங்கடா என் குண்டன்?" என்று கூவுகிறவள், கூவவில்லை. பாய் இருந்த மூலைப் பக்கம் கண்ணைத் திருப்பவும் இல்லை. தெல்மாவுக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. வசனத்தை மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தவள், கேக் வெட்டி வைத்த கையோடு அதையும் மறந்து, "கிரேவி டெரெக் வீட்டுல இருக்கான், அங்க வெயில் நல்லா விழுது," என்று உளறி வைத்தாள்.

"தூங்கட்டும்மா, எழுப்ப வேண்டாம்," என்றாள் பெவ், அவசரமாக.

இருவரும் டீ குடித்தார்கள். நைஜலின் அண்ணன் மகள் கல்யாணம், ரொட்டி விலை, ஹில்டாவின் முழங்கால், எல்லாம் பேசினார்கள். ஒவ்வொரு பேச்சும் சீக்கிரமே வற்றிப்போயிற்று. பெவ் கேக்கை உதிர்த்து உதிர்த்துத் தட்டில் குவித்தாளே தவிர வாயில் வைக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்த தெல்மாவுக்கு, இவளும் இளைத்திருக்கிறாள், கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது என்று பட்டது. இப்படி ஒரு மகளை உட்காரவைத்துக்கொண்டு நாடகம் ஆடுகிறோமே என்று இருந்தது. கோப்பையைக் கீழே வைத்தாள்.

"பெவ், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கிரேவி டெரெக் வீட்டுல இல்ல. அவன் செத்துட்டான். வியாழக்கெழம."

மகள் அழுவாள் என்று எதிர்பார்த்தாள். பெவ் முகத்தில் வந்தது அழுகை இல்லை. பயம். சிறு வயதில் நீச்சல் குளத்தில் உயரப் பலகையின் நுனியில் நின்றபோது இதே முகம்தான். பிறகு எழுதி வைத்ததைப் படிப்பதுபோல், தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அப்படின்னா... இனிமே நீ எங்ககூட வந்துடலாம்மா. இப்ப ஒண்ணும் தடை இல்லையே."

அந்தக் குரலில் ஒரு துளி சந்தோஷமும் இல்லை. அதை ஒரு தாயால் கேட்காமல் இருக்க முடியுமா? தெல்மாவுக்குள் எதுவோ நின்றது. படிக்கட்டு, தோட்டம், வயசான டெரெக்குக்குத் துணை, தேவாலயத்தின் கூரை நிதி என்று ஏழெட்டுக் காரணங்கள் வரிசையாக வந்து, என்னை எடுத்துக்கொள் என்று நின்றன. எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தாள். எதற்கும் சோறு போட இனி முடியாது என்று தோன்றியது.

"நான் வரல பெவ்."

"ஏம்மா?" என்றாள் பெவ். ஊர் வழக்கப்படி கேட்கவே கூடாத கேள்வி.

"ஏன்னா எனக்கு இஷ்டமில்ல."

சொல்லிவிட்டாள். ஹாதர்லியில் அந்த மாதிரி ஒரு வாக்கியம் கடைசியாக எப்போது சொல்லப்பட்டது என்று யாருக்கும் தெரியாது. கூரை இடிந்து விழவில்லை. வெளியே யாரோ புல்வெட்டும் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்த சத்தம் அப்படியே தொடர்ந்தது. பெவ் நாற்காலியில் பின்னால் சாய்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். விரல்களுக்கு நடுவிலிருந்து ஒரு நீண்ட மூச்சு வெளியே வந்தது.

"அப்பாடா," என்றாள்.

தெல்மாவுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. இல்லையென்று சொன்னால் பொய். பெற்ற மகள், அம்மா வரவில்லை என்றதற்கு அப்பாடா என்கிறாள். மீன்முள்போல் அது ஒரு கணம் குத்தியது. அடுத்த கணம் அதைத் தேடினாள், காணவில்லை. தன் வாயிலிருந்தும் அதே மூச்சு வெளியே போய்க்கொண்டிருப்பது அப்போதுதான் தெரிந்தது. எத்தனையோ மாதமாகத் தோள் இரண்டும் காதுவரை ஏறி இருந்திருக்கிறது. இப்போது இறங்கின.

"அம்மா, தப்பா எடுத்துக்காதே," என்றாள் பெவ் கையை எடுத்துவிட்டு. "நான் ஏன் அப்படிச் சொன்னேன்னா, ஏன்னா..."

"ஏன்னா வேண்டாம் கண்ணு. விடு."

"இல்ல, இது நெஜம். இதைக் கேளு. உனக்குக் கை ஒடஞ்சு எங்க வீட்டுல இருந்தப்போ, உன் தட்டுல கறியை நான் துண்டு போட்டேன். உக்காரு, தொடாதே, மெதுவான்னு ஓயாம சொல்லிட்டு இருந்தேன். ஒருநாள் என் குரல் என் காதுலயே விழுந்துச்சு. பள்ளிக்கூட டீச்சர் மாதிரி. நீ வந்துட்டா நான் அந்த மாதிரி ஆளாவே ஆயிடுவேன், நீயும் பேசாம உக்காந்துடுவே. எனக்கு அது வேண்டாம். ஆனா கூப்பிடாம இருந்தா நான் என்ன பொண்ணு? அதான் கூப்பிட்டேன். நீ கிரேவின்னு சொன்னதும் எனக்கு உயிர் வந்துச்சு."

தெல்மா டீப் பாத்திரத்தை எடுத்து மகளின் கோப்பையை நிரப்பினாள்.

"இன்னொண்ணு," என்றாள் பெவ். "அவன் வியாழக்கெழம சாகல."

தெல்மா டீப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"பிப்ரவரியில. அன்னைக்கு இங்க தண்ணிக் குழாய் எல்லாம் உறைஞ்சிருக்கும்னு நியூஸ்ல சொன்னாங்க. நீ போன் எடுக்கல. நான் டெரெக்கைக் கூப்பிட்டேன். அவர் எடுத்ததும், எனக்கு முன்னாடியே தெரியும்னு நெனச்சு, 'நாய் விஷயம் கேள்விப்பட்டு வருத்தமா இருக்கும்மா, ஆப்பிள் மரத்தடியில நல்லா வச்சிட்டோம்'னார். எனக்குத் தெரியும்னு உன்கிட்ட சொல்ல வேண்டாம், அம்மாவே சொல்லட்டும்னு அவர்கிட்ட சத்தியம் வாங்கிட்டேன். ஞாயித்துக்கெழம நான் எப்படி இருக்கான்னு கேட்டது நீ சொல்லணும்னுதான். நீ விறைப்பா இருக்கான்னே."

"கடவுளே," என்றாள் தெல்மா.

"அப்பவே புரிஞ்சிடுச்சு, அம்மாவுக்கு வர இஷ்டமில்லன்னு. எனக்கு எவ்வளவு நிம்மதின்னு சொல்ல முடியாது. வெக்கமாவும் இருந்துச்சு. அவன் செத்துட்டான்னு ஒத்துக்கிட்டா நான் மறுபடி கூப்பிடணும், நீ மறுபடி மாட்டேன்னு சொல்ல முடியாம வந்துடுவே. அதனால நானும் அவனை வாரா வாரம் விசாரிச்சேன்."

டெரெக் இரண்டு பக்கமும் சத்தியம் செய்துவிட்டு வேலி நடுவில் நின்று தவித்ததை நினைத்தபோது தெல்மாவுக்கு வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"செத்துப்போச்சுன்னு தெரிஞ்சே அந்த மெத்தையை அனுப்பினியா? அவ்வளவு பணம் போட்டு?"

"நீதானே மூட்டுவலின்னே. மூட்டுவலின்னா நான் என்ன செய்வேன்?"

"பஸ் புடிச்சு அடுத்த ஊருக்குப் போய்க் கொடுத்துட்டு வந்தேன்டி அதை. திருடி மாதிரி."

பெவ் மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள். தெல்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். கேக் தட்டு நகர்ந்து கீழே விழப்போனதைப் பிடித்து நிறுத்தினாள். இப்படி இருவரும் சேர்ந்து சிரித்து வருஷங்கள் ஆகியிருந்தன. நைஜலிடம் என்ன சொல்வது என்று பெவ் கேட்டாள். அந்தக் கம்பியைத் தன் குளியலறையிலேயே மாட்டிக்கொள்ளச் சொல், அவனுக்கும் வயசாகிறது என்றாள் தெல்மா. இதற்கும் ஒரு மூச்சுச் சிரித்தார்கள்.

சிரிப்பு ஓய்ந்தபோது பெவ் முதல்முறையாகத் திரும்பி, பாய் இருந்த மூலையைப் பார்த்தாள். அங்கே வெறும் தரை.

"எனக்குக் காட்டும்மா," என்றாள்.

தோட்டத்தில் வெயில் இருந்தது. ஆப்பிள் மரம் பூத்து, அடியில் புல் முளைத்து, இடம் எதுவென்றே தெரியவில்லை. தெல்மா காலால் காட்டினாள். வேலிக்கு அந்தப் பக்கம் டெரெக்கின் தொப்பி எழுந்தது. இருவரையும் ஒன்றாகப் பார்த்ததும், மனுஷன் தான் எந்தச் சத்தியத்தில் நிற்கிறோம் என்று தெரியாமல் அப்படியே குனிந்துகொண்டார்.

பெவ் புல்லில் மண்டியிட்டாள். பிப்ரவரியிலிருந்து சேர்த்து வைத்த கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டாள். வலித்ததா, தனியாக இருந்தானா, முந்தின ராத்திரி ஏதாவது சாப்பிட்டானா. தெல்மா ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. வலிக்கவில்லை, பாயில்தான், தூக்கத்தில். ராத்திரி என் தட்டிலிருந்து முழு சாசேஜ் ஒன்று கொடுத்தேன், மென்றுகூடப் பார்க்காமல் விழுங்கினான். மண் கல்லாகக் கிடந்தது, வெந்நீர் ஊற்றித்தான் தோண்டினோம்.

"நான் அவனுக்காக இன்னும் அழவே இல்லம்மா," என்றாள் பெவ். "நைஜல்கிட்டகூடச் சொல்லல. வாரா வாரம் நீ அவன் பாதிச் சோறு தின்னான், கொரைச்சான்னு சொல்லுவே. உசுரோட இருக்கறவனுக்கு எப்படி அழறது?"

தெல்மா பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தாள். உக்காரும்மா என்று யாரும் சொல்லவில்லை.

"நீ எங்கிட்ட ஒழுங்கா சொல்லவே இல்ல," என்றாள் பெவ். "இப்பச் சொல்லு."

தெல்மா மகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"கிரேவி செத்துப்போயிட்டான் கண்ணு."

பெவ் அப்போதுதான் கேள்விப்பட்டவளைப்போல் வாய்விட்டு அழுதாள்.